மூக்கு பாஸ் பண்ணின மிளகு

கடைத்தெருவில் என் அண்ணனுக்கு மூக்கர் என்று பெயர். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவான், உள்ளங்கையில் தேய்ப்பான், மோந்து பார்த்து “ம்” என்பான். அதற்கு மேல் யாரும் பேரம் பேச மாட்டார்கள். இந்த மூக்கை நம்பி வெளிநாட்டிலிருந்து நேரடியாக மிளகு இறக்குவோம் என்று யோசனை சொன்னது நான்தான். பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் வேலையை உதறியதும் நான்தான். முதல் சரக்கே ஊத்திக்கொண்டால் நடுத்தெருவில் நிற்கப்போவதும் சாட்சாத் நானே.

வந்த சாம்பிளை மோந்து அண்ணன் “ம்” என்றதும் ஆர்டர் கொடுத்தோம். சரக்கு வந்தது, சுங்கத்தில் எல்லாம் மளமளவென்று முடிந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து மாதிரி எடுத்துக்கொண்டார். சோதனை முடிவு வரும்வரை மூட்டைகளை எங்கள் கிடங்கிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு மிளகைக்கூடத் தொடக்கூடாது என்று என்னிடமும் அண்ணனிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். முடிவும் வந்தது. மிளகில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி.

அதற்கும் ஒரு வழி இருந்தது. நீராவியில் சுத்தம் செய்ய விண்ணப்பித்து, மறுசோதனையில் தேறினால் விற்கலாம். இல்லையென்றால் சரக்கு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். விண்ணப்பத்தில் பங்குதாரர்களான நான், அண்ணன், அண்ணி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். அன்றுதான் கடைசி நாள். நானும் அண்ணியும் போட்டாகிவிட்டது. அண்ணன் பேனாவைத் தொடவே மாட்டேன் என்றான்.

“இதுல கையெழுத்துப் போட்டா என் மூக்கு தோத்துப்போச்சுன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி.”

“கிருமிக்கு வாசனை கிடையாதுண்ணா.”

“கெட்டது எதுவா இருந்தாலும் வாசனை வரும். நான் அந்த ஆபீசர் மேடத்துக்கிட்டயே பேசிக்கறேன்.”

அவன் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு மூவரும் போனோம்.

அதிகாரியின் அறையில் ஃபைல்களுக்கு நடுவே அவர் முகம் மட்டும் தெரிந்தது. கை கழுவும் முறையைப் படம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அண்ணன் மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். பிறகு சட்டைப் பையில் கையை விட்டு, ஒரு பிடி மிளகை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“ஒரு வாரமா இதைத்தான் மேடம் மென்னுக்கிட்டிருக்கேன். எனக்கு என்ன ஆச்சு? கல்லு மாதிரி இருக்கேன்.”

அதிகாரி குரலை உயர்த்தவில்லை.

“இது எங்க எடுத்தது? ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு வந்த சாம்பிளா?”

ஆமாம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அண்ணன் சிரித்துவிட்டான். “அது பழசு மேடம். எனக்கு வித்தியாசம் தெரியாதா? இது கிடங்கு மூட்டைல எடுத்தது.”

மூக்குக்கு இழுக்கு என்றால், தப்பிக்கக்கூடப் பொய் சொல்ல மாட்டான் என் உடன்பிறப்பு. அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

அண்ணி மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, அப்போ மூணு நாலு நாளா பாத்ரூமே கதின்னு கிடந்தீங்களே? கேட்டதுக்கு, என் சமையல்தான் சரியில்லன்னீங்களே?”

அதிகாரி அவசரமாக ஒரு ஃபைலைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு மிளகை ஓர் உறையில் போட்டு ஒட்டினார். தொடக்கூடாத சரக்கைத் தொட்டதற்கு எச்சரிக்கை எழுதினார். கிடங்குச் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“உள்ளதைச் சொன்னதால இதோட விடறேன். விண்ணப்பத்துல மூணு கையெழுத்தும் இருந்தா இப்பவே வாங்கிக்கறேன். இல்லேன்னா சரக்கு திரும்பப் போகும்.”

நான் அண்ணனோடு சண்டைக்குத் தயாரானேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஒட்டிய உறையையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் சுருங்கிப்போயிருந்தது.

“குழந்தைக்குச் சளி, நல்ல மிளகு குடுங்கன்னு கேட்டு வருவாங்க” என்றான் அண்ணியிடம். “இதைத்தான் அள்ளிக் குடுத்திருப்பேன்.”

அண்ணி விண்ணப்பத்தை எடுத்து அவன் முன் விரித்தாள். அவன் பேனாவுக்குக் கை நீட்டினான்.