கைத்தொட்டில்

எழுபத்தேழாம் ஆண்டு ஆவணியில், அந்தித் தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்த நேரம். கலவரக்காரர் வைத்த தீயில் கீழே கடைகள் எரிகின்றன, அடுத்தது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம்தான் என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். கொழுந்து லொறி உறுமிக்கொண்டு நின்றது. முத்துவீரன் முதலில் தாவி ஏறினான். லொறி நகர்ந்தபோதுதான் மனைவி புஷ்பவதி கீழே நிற்பது தெரிந்தது. குனிந்து அவள் வலது கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். முழங்கை லொறிப் பலகையில் மாட்டி வளைந்தது. ஏதோ கழன்ற சத்தம் எஞ்சினையும் மீறி அவனுக்குக் கேட்டது.

லயத்துக்குத் தீ வைக்க யாரும் வரவில்லை. ஓடாமல் இருந்தவர்கள் வழக்கம்போல் சோறாக்கிச் சாப்பிட்டார்கள்.

"லொறி வீரரே, இன்னைக்கு எங்க பயணம்?" என்று லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருக்கும் ராசம்மா அதற்குப் பிறகு கேட்பாள். அவன் சிரிக்கமாட்டான்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் புஷ்பவதியின் முழங்கை மூட்டை உள்ளே தள்ளிக் கட்டுப் போட்டார்கள். இரண்டு கிழமையில் அவிழ்த்துக் கையை ஆட்டச் சொன்னார்கள். அவிழ்த்த அன்று அவள் வலியில் முகம் சுளித்தாள். அவ்வளவுதான். முத்துவீரன் தன் தலைத்துண்டால் அவள் கழுத்தில் தொட்டில் கட்டிக் கையை அதில் போட்டுவிட்டான். தண்ணீர் அவன் சுமந்தான். ரொட்டிக்கு மா அவன் பிசைந்தான். அவள் தலையைக்கூட அவன்தான் வாரினான், கோணலாக. "சும்மா இரு புஷ்பம்" என்பது வாயில் ஊறிப்போயிற்று.

தீபாவளி கழிந்ததும் கங்காணி சொல்லியனுப்பினார்: மலைக்குக் கொழுந்து பறிக்க வருகிறாளா, பேரை வெட்டவா? அவள் தொட்டிலை அவிழ்த்துவிட்டுக் கூடையைத் தூக்கினாள். முழங்கை தாங்காமல் மடங்கியது. கூடை உருண்டது.

மறுபடியும் ஆஸ்பத்திரி. பயிற்சி கொடுக்கும் றமீஸா மிஸ் அவளுடைய இரு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வலது கை முருங்கைக்காய்போல் மெலிந்திருந்தது.

"எலும்பு எடத்துலதான் ஈக்குது. மூட்ட இழுத்துப் புடிச்சிருந்த நாரு பிஞ்சா, பொறகு மூட்டுக்குக் காவல் சுத்தி ஈக்குற தசதான். முன்னால உள்ளது மடக்கும், பின்னால உள்ளது நீட்டும். ரெண்டும் சேந்து அமுக்கினாத்தான் மூட்டு நழுவாது. வேல குடுக்காட்டி அது வத்திப் போகும். யாரு இவ்வளவு நாள் கட்டி வெச்சது?"

முத்துவீரன் வாயைத் திறந்தான்.

"நாந்தான் மிஸ். சோம்பேறித்தனம்" என்றாள் புஷ்பவதி.

மிஸ் அவளை நன்றாகத் திட்டினாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இழுத்தது அவன். கட்டியது அவன்.

தைப்பொங்கல் வரை கங்காணி பொறுப்பதாகச் சொன்னார். பாதி வாளி தண்ணீர் தூக்கிப் பழகும்படி மிஸ் சொல்லியிருந்தாள். பீலித் தண்ணீர்க் குழாயில் பிடித்த வாளியைப் புஷ்பவதி தூக்கினாள். முழங்கை நடுங்கிற்று. தோலுக்கடியில் மெல்லிய கயிறொன்று முறுக்கேறியது. படியில் கால் வைத்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் கை தானாக வாளிக்குப் போயிற்று.

"கைய எடுங்க" என்றாள். "இன்னும் எத்தன நாளைக்கு என்னைய லொறியில ஏத்திக்கிட்டே இருப்பீங்க?"