பீச் பழ வாசனை

எருவேராவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே வீட்டை மிதித்திருக்க வேண்டும். கைகோஹே ஊரில் மாவோரிக் குடும்பம் எதுவும் அந்தச் சடங்கைத் தள்ளிப்போட்டதில்லை. பெரியவர் முன்னால் பிரார்த்தனை சொல்லிக்கொண்டு போக, மற்றவர்கள் பின்னால் அறை அறையாக நடந்து, செத்தவரின் ஆவியை, ஆவிகள் உலகை விட்டுக் கிளம்பும் வடக்கு முனைக்கு வழியனுப்பிய பிறகுதான் சோற்றில் கை வைப்பார்கள். எருவேராவின் மனைவி ஹுஹானா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு வேணாம் அங்கிள். அடுத்த வாரம் பாக்கலாம்."

"அடுத்த வாரமா? என்ன, பல்லு புடுங்கவா வந்திருக்கோம், தேதி மாத்தி வைக்க?" என்றார் ராபாத்தா. எருவேராவின் சித்தப்பா அவர். "அவனைப் போக விடும்மா."

"நான் என்ன கட்டியா வெச்சிருக்கேன்?"

கட்டித்தான் வைத்திருந்தாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. புருஷன் செத்த வீட்டில் பொம்பளையோடு மல்லுக்கட்ட யாருக்கும் மனசு வரவில்லை. கொஞ்சம் மல்லுக்கட்டியிருக்கலாம்தான்.

எருவேராவுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தபிறகுதான் சிகரெட்டை விட்டு, திரவத்தை ஆவியாக்கி இழுக்கும் 'வேப்' என்ற மின்சிகரெட்டுக்கு மாறினார். புகையின் இனிப்பைவிட அதிலிருக்கும் நிகோடினைப் பார், மிச்சமிருக்கும் காலின் ரத்தக்குழாயை நெரிப்பது அதுதான் என்று நர்ஸ் கண்டித்தாள். அன்று முதல் கடைக்குப் போவதே ஒரு கூத்தானது. ஊரின் ஒரே வேப் கடையில் மெலே என்ற டோங்கா தேசத்துப் பெண் நின்றாள். எருவேரா ஒவ்வொரு திரவ பாட்டிலையும் வெளிச்சத்தில் பிடித்து, குதிரை வாங்குபவரைப்போல் விசாரிப்பார்.

"இதுல சர்க்கரை இருக்கா?"

"சர்க்கரை இல்ல அங்கிள். இனிக்கும், அவ்வளவுதான்."

"என் பொண்டாட்டி மாதிரியா?"

"அதை ஆன்ட்டிகிட்டயே கேளுங்க, பக்கத்துலதான நிக்கிறாங்க!"

கடைசியில் நிகோடினே இல்லாத ஒரு பீச் திரவத்தில் வந்து நின்றார். வாய்க்கு இல்லாத இனிப்பு மூச்சுக்காவது கிடைக்கட்டுமே என்பார். சவப்பெட்டியை மூடுமுன் அந்த வேப்பையும் பாதி பாட்டிலையும் ஹுஹானாதான் அவர் சட்டைப் பையில் செருகினாள்.

அடக்கம் முடிந்து சில நாட்களில், பொழுது சாயும் நேரம், நடையில் அந்த வாசனை வந்தது. இனிப்பாக, பழமாக. மகள் கஹுராங்கியின் அறைக்கு வெளியே.

கஹு படுத்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில். இருபத்து நாலு வயது. ஒன்பது வயதிலிருந்து இன்சுலின் ஊசியோடு வாழ்பவள்.

"அப்பாவோட வேப்பை இழுக்கிறியாடி?"

"அது அப்பாகூட மண்ணுக்குள்ள கெடக்கும்மா. நீதான வெச்ச."

ஹுஹானாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் அல்ல, சந்தோஷத்தில். வந்துவிட்டார்!

அதன்பிறகு மாலைதோறும் நாற்காலியை நடையில் போட்டு உட்கார்ந்தாள். விளக்கைப் போடமாட்டாள். மழை ஒழுகிய கூரையைப் பற்றி, துக்கத்துக்கு வராத தங்கையைப் பற்றி, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். வாசனை நாளுக்கு நாள் கூடியது. கூடக்கூட அவள் குரல் இளகியது. சுவருக்கு அந்தப் பக்கம் கஹு குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், இளைத்தாள், எழுந்திருக்கவே அலுத்துக்கொண்டாள். அப்பன் செத்த துக்கம் என்றார்கள் எல்லோரும். அவளும் அப்படித்தான் சொன்னாள்.

ஒரு மத்தியானம் கஹு வாந்தியெடுத்தாள். "எதோ ஒத்துக்கல, தூங்கினா சரியாயிடும்மா" என்று சுருண்டுகொண்டாள். நடையில் வாசனை அப்பிக்கிடந்தது. அவருக்குத் திரவம் தீர்ந்திருக்கும் என்று ஹுஹானாவுக்குப் பட்டது. ஒரு பாட்டில் வாங்கி வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் இருப்பார். இதில் அவளுக்கு ஒரு விநோதமும் தெரியவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மெலே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பாட்டிலை எடுத்து வைத்தாள். ஹுஹானா மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள்.

எருவேரா வந்தார். முழுசாக வந்தார். பீச்சுக்கு அடியில் பாலாடை, அதற்கும் அடியில் லேசாக வறுத்த ஏதோ ஒன்று. அவர் தாடி, அவர் தலையணை. இது அவர்.

அப்படியானால் வீட்டில் இருப்பது?

"இது இல்ல," என்றாள். "வீட்ல வர்றது வேற மாதிரி. கூர்மையா இருக்கும். அழுகுன ஆப்பிள் மாதிரி."

மெலே ஒவ்வொன்றாகத் திறந்து நீட்டினாள். ஆப்பிள், பேரி, அன்னாசி. எதுவும் இல்லை.

"நகச்சாயம் அழிக்கிற தண்ணி வாசம் அடிக்குமா ஆன்ட்டி? அப்படி ஒரு லிக்விட்டே கிடையாதே. எங்க வருது?"

"கஹு ரூம்..."

சொல்லும்போதே ஹுஹானாவுக்குப் பழைய கார்ப் பயணம் ஒன்று நினைவுக்கு வந்தது. பின்சீட்டில் ஒன்பது வயதுக் கஹு, கண் சொருகி, வாய் திறந்து மூச்சு வாங்குகிறாள். கார் முழுக்க இதே வாசனை. இன்சுலின் இல்லாத உடம்பு தன்னையே எரிக்கும்போது மூச்சில் இந்த வாசனை வரும் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு மெலே. என் வீட்டுக்கு!"

ஹுஹானா வீடு வந்து சேர்ந்தபோது கஹு கட்டிலில், ஓடிவந்தவளைப்போல் மூச்சிறைத்துக்கொண்டிருந்தாள். தட்டியும் கண் திறக்கவில்லை.

பிழைத்தாள். ஊசி ஒன்றையும் அவள் தவறவிடவில்லை. பிறகும் ஏன் இப்படி ஆனது என்பதை ஃபாங்கரேய் ஆஸ்பத்திரியில்தான் கண்டுபிடித்தார்கள். துக்கம் காத்த மூன்று நாளும் அப்பாவின் பெட்டியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவள், இன்சுலின் முழுவதையும் கோடை வெயிலில் காருக்குள் விட்டிருந்தாள். அது வெந்து வீணாகிவிட்டது. வீணாய்ப்போனதைத்தான் வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்தாள். சர்க்கரை ஏறியபோது, அழுகையில் ஏறுகிறது என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை ஹுஹானா மகளின் முகத்தருகே குனிந்து மூச்சை முகர்ந்தாள். ஒன்றுமில்லை. வெறும் மூச்சு. நிம்மதி வந்தது. கூடவே, அவர் போய்விட்டார் என்ற ஏக்கமும் வந்தது. அந்த ஏக்கத்துக்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"அம்மா," என்றாள் கஹு, கண்ணைத் திறக்காமல். "ஒரு நாள் உன்னைக் கூப்பிட்டேன். எந்திரிக்க முடியல, தண்ணி வேணும்னு."

"எப்பம்மா?"

"நீ நடையில பேசிட்டிருந்த. சத்தம் போடாத, அப்பா வந்திருக்காருன்னு சொன்ன."

ஹுஹானாவுக்கு அது நினைவில்லை. எவ்வளவு துழாவியும் கிடைக்கவில்லை. பிடித்திருந்த மகளின் கையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் ராபாத்தாவுக்குப் போன் போட்டாள்.

"அங்கிள், இன்னைக்கே வந்து வீட்டை மிதிச்சிருங்க."

"பொண்ணு வீடு திரும்பட்டுமே. அவளும் கூட நடக்க வேணாமா?"

"வேணாம். அவ வர்றதுக்குள்ள முடிச்சிருங்க," என்றாள். "அவ கூப்பிட்டா எனக்குக் கேக்கணும்."