கூபியாக் வீட்டு டிரைவ்வே

"அந்த டப்பாவ என் டிரைவ்வேல இருந்து எடுடி! இப்பவே எடு!"

"எடுக்க மாட்டேன். ஒரே ஒரு தடவை உள்ள உக்காந்து பாருங்கப்பா, அப்புறம் கத்துங்க."

"அதுல உக்காந்தா முட்டி ரெண்டும் காத அடைச்சுக்கும். நான் கத்துறது எனக்கே கேக்காது!"

வியாழக்கிழமை மாலை ஆறரை மணி. பதினோராம் தெருவில் அந்நேரம் எல்லாரும் சாப்பாட்டு மேசையில் இருக்க வேண்டும். எந்த வீட்டிலும் தட்டுச் சத்தம் கேட்கவில்லை. ஜன்னல் திரைகள்தான் ஆடின. நான் திரைக்குப் பின்னால் ஒளிகிற ரகமில்லை. பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வாசற்படிக்கே வந்துவிட்டேன். காலையிலும் ஊற்றியிருந்தேன், மத்தியானம் மழையும் பெய்திருந்தது. அது வேறு விஷயம்.

எதிர்வீட்டு வாசலில் கார் நிறுத்துகிற டிரைவ்வேயில் நின்றது, பின்பக்கமே கதவாகத் திறக்கிற ஒரு மஞ்சள் நிற ஹேட்ச்பேக். ஜெர்மன் கம்பெனி வண்டி. ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கடைக்காரர் கொடுத்தது. வேறு ஊரில் என்றால் இதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை. டெட்ராய்டை ஒட்டிய எங்கள் வயண்டாட் ஊரில் மூன்று வீட்டில் இரண்டு வீடு கார் கம்பெனிச் சோறு. தொழிற்சங்க மண்டபத்து வாசலிலேயே 'அயல்நாட்டுக் கார்களுக்கு இங்கே இடமில்லை' என்று பலகை தொங்குகிறது. ஒஹையோவிலிருந்து மச்சினன் ஜப்பான் காரில் வந்தால், தேவாலயத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் வர வேண்டும். அந்தப் பின்பக்கத்தில்தான் எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற வாண்டாவின் ஆரஞ்சு நிற ஜெர்மன் காரும் ஐந்து வருஷமாக நிற்கிறது. வாண்டா புருஷனை இழந்தவள், தன்மையானவள். அந்தக் கார் அங்கே நிற்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இதுவரை யாரும் அதைப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட ஊரில், முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலையில் கார்களுக்குக் கதவு மாட்டி ஓய்வு பெற்ற செஸ்டர் கூபியாக்கின் வீட்டு வாசலில், அவர் பெற்ற மகளே இதைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

மகள் ஜெரால்டினுக்கு முப்பத்தொன்று. நர்ஸ். நான்கு வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது, அப்பாவுக்கு ஒத்தாசையாக இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று தன் வாடகை அறையைப் பூட்டிவிட்டு வந்தாள். இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. இப்போது தள்ளி இருக்கிற ஆன் ஆர்பர் நகரத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. அங்கேயே தங்க ஓர் அறையும் பேசிவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை: திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சொந்தக் காரோடு வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெண்ணுக்கு வேலை.

வீட்டில் இருந்ததோ செஸ்டரின் நீளமான ஸ்டேஷன் வாகன் ஒன்றுதான். அது வீட்டைவிட அரை அடி நீளம். பெட்ரோல் தட்டுப்பாடு வந்த அந்த எழுபத்தொன்பது கோடையில் பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கும்போதே பாதி டாங்கைக் குடித்துவிடும். அதனால் ஜெரால்டின் ஒரு சின்ன வண்டி தேடினாள். மூன்று வாரமாகத் தேடினாள். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுக் கோடு கிழித்து, ஒவ்வொரு காரின் நீளம், அகலம், மைலேஜ், பின்கதவு திறக்கிற உயரம் எல்லாம் எழுதி வைத்திருந்தாள். அப்பாவோ ஒவ்வொரு காரையும் தூரத்திலிருந்து பார்த்தே தீர்ப்பு எழுதினார்.

பிரெஞ்சு வண்டியைத் தவளை என்றார். இத்தாலி வண்டியைச் செருப்பு என்றார். சரி என்று உள்ளூர்க் கார் ஒன்றை அவள் பார்க்கப் போனால், அதன் பக்கவாட்டில் மரம் மாதிரி அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது.

"இது காரா, சமையலறை அலமாரியா? எங்க பிடிச்சு இழுத்தா தட்டு வெளிய வரும்?" என்று மகள் கேட்டாள்.

"கம்பீரம்டி அது! காருக்குன்னு ஒரு முகம் வேணும். முன்னாடி குரோம் பல்லு பளபளன்னு தெரியணும்."

"பல்லு முன்னாடி பத்தடி நீட்டிக்கிட்டு இருக்கு. மருந்துப் பெட்டி வைக்கத்தான் பின்னாடி இடமில்ல."

அதிலும் கடைசியில் அவர் குறை கண்டுபிடித்தார். கதவு கொஞ்சம் தொங்குகிறதாம். இப்படி மூன்று வாரம். கேட்கிற எனக்கே தலைவலி வந்தது.

அன்று மாலையும் வழக்கம்போல நடுவே என்னை இழுத்தார்கள்.

"ஐரீன்! சும்மா அந்தச் செடிய மூழ்கடிக்காம இங்க பாரு. இதோட பின்பக்கத்தப் பாரு. ரொட்டிக் கத்தியால வெட்டின மாதிரி இல்ல?"

"வெட்டினதுனாலதான்பா பெட்டி உள்ள போகுது! ஐரோப்பாவுல தேவைக்குத்தான் வரையறாங்க. நாம பக்கத்து வீட்டுக்காரன் பொறாமைப்படறதுக்கு வரையறோம்."

"பஞ்சத்துல வரைஞ்சதுடி அது. ஏன் ஐரீன், நீ சொல்லேன்."

"எனக்கு என்னப்பா தெரியும், எனக்கு ஓட்டவே தெரியாது," என்றேன். சொல்லிவிட்டு, இன்னும் நன்றாகக் கேட்க ஒரு படி கீழே இறங்கி நின்றேன்.

அப்போதுதான் செஸ்டர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். தெரு முழுக்கக் கேட்கும்படி கையை உயர்த்திச் சொன்னார்: "எங்க கம்பெனி இந்த மாதிரி ஒரு குட்டி வண்டி போடட்டும், நாளைக்கே உனக்கு ஊழியர் தள்ளுபடித் தாள்ல கையெழுத்து போடறேன்! போடவே மாட்டாங்க. கார்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியும்!"

ஜெரால்டின் நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"போட்டுட்டாங்க. ரெண்டு வருஷம் ஆகப் போகுது. உங்க கம்பெனிக் கடையிலயே வலது மூலையில நிக்குது. நீங்க அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல."

அவர் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. கடைக்குப் போனாலும் பெரிய கார்களைத்தான் தடவிக் கொடுத்துவிட்டு வருவார். இப்போது பின்வாங்கவும் வழியில்லை; பத்து ஜன்னல்கள் சாட்சி. அந்தக் கடை திங்களும் வியாழனும் மட்டும்தான் ஒன்பது மணி வரை திறந்திருக்கும். மகள் விடவில்லை. அன்றைக்கே கையெழுத்தும் வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் வந்தது. நீல நிறம். நான் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நிறத்தையும் முன்னால் இருக்கிற சின்னத்தையும் எடுத்துவிட்டால், மஞ்சளுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதே சின்ன மூக்கு, அதே சப்பைக் கன்னம், அதே வெட்டின பின்பக்கம்.

செஸ்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பாத்தியா ஐரீன், அந்தப் பின்பக்கக் கோட்ட! ஒரு இஞ்ச் வீண் உண்டா?"

"நேத்து ரொட்டிக் கத்தின்னீங்களே?"

"அது ரொட்டிக் கத்தி. இது வடிவமைப்பு." கதவு இடுக்கில் கட்டைவிரலை மேலிருந்து கீழே ஓட்டினார். "தபால் தலை நுழையாது. நம்ம பசங்கள்ல எவனோ மாட்டியிருக்கான். என்கிட்ட பழகினவனாக்கூட இருக்கும்."

பிறகு மெழுகு எடுத்துவந்து, புதுக் காருக்கு மறுபடியும் பளபளப்பு ஏற்றினார். ஜெரால்டின் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அன்று ராத்திரியே அவள் பெட்டி கட்டியதை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை, ஓய்வு பெற்றவர்களுக்குச் சங்க மண்டபத்தில் மாதாந்திரக் காலைச் சாப்பாடு. "நானே ஓட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வரேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு செஸ்டர் போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். நடந்து வந்தார்.

அங்கே நடந்ததை, அவரோடு கதவு மாட்டிய லியோ மஜூரெக் அடுத்த அரை மணியில் என் சமையலறையில் உட்கார்ந்து, மூன்று கப் காப்பிக்குச் சொன்னார். செஸ்டர் காரை மண்டபத்து வாசலில் நடுநாயகமாக நிறுத்தியிருக்கிறார். நாற்பது கிழவர்கள் கையில் முள்கரண்டியோடு வெளியே வந்து பார்த்திருக்கிறார்கள். ஆகா என்றார்கள், நம்ம கம்பெனி என்றார்கள். செஸ்டர் கதவு இடுக்கைக் காட்டி ஒரு சொற்பொழிவே நடத்தினார். லியோ கதவைத் திறந்து, கதவோரத்துத் தூணில் ஒட்டியிருந்த தகவல் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். சத்தமாகப் படித்தார்.

மேற்கு ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது.

"முப்பத்தொரு வருஷம் கதவு மாட்டினானே, அந்தச் சீட்ட ஒரு நாளாவது படிச்சிருப்பான்னா நெனக்கிற?" என்று லியோ கேட்டார். "நாங்க யாருமே படிச்சதில்ல, ஐரீன். நாங்க கதவு மாட்டுவோம், அடுத்தவன் சீட்டு ஒட்டுவான். நமக்கென்ன வேலைன்னு விட்டுடுவோம்."

"நீங்க என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"வேற என்ன சொல்றது? பலகையக் காட்டினேன்."

பலகை எழுதி மாட்டிய குழுவில் செஸ்டரும் ஒருத்தர். பேசாமல் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தன் டிரைவ்வேக்கும் கொண்டுவர முடியவில்லை. தேவாலயத்துக்குப் பின்னால் கொண்டுபோய், வாண்டாவின் ஆரஞ்சுக் காருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். ஆர்கன் பழகிவிட்டு வெளியே வந்த வாண்டா அவரை அங்கே பார்த்துவிட்டாள். "வாங்க மிஸ்டர் கூபியாக், நிழல் இந்தப் பக்கம்தான் நல்லா விழும்," என்றாளாம். அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லையாம். இது வாண்டாவே பின்னாளில் என்னிடம் சொன்னது.

வீட்டுக்குள் நடந்ததற்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஜன்னல்கள் திறந்திருந்தன.

"திருப்பிக் குடுத்துடு! எனக்குத் தலை நிமிர முடியல!"

"கடை சனிக்கிழமை லீவு. ஞாயித்துக்கிழமை லீவு. திங்கட்கிழமை எட்டு மணிக்கு நான் எதுல போறது?"

"நான் கொண்டு விடறேன்."

"அந்தக் கப்பல்லயா? நோயாளி ஒவ்வொருத்தர் வீட்டு வாசல்லயும் எனக்காகக் காத்துக்கிட்டு நிப்பீங்களா, தினமும்?"

"நிப்பேன்!"

ஜெரால்டின் குரல் தணிந்து வந்தது. அவள் தணிந்து பேசினால்தான் எனக்குக் கவலை, சரியாகக் கேட்காது.

"அந்த மஞ்சக் கார் இருந்துதே, அதோட கதவோரத்துலயும் சீட்டு இருந்துது. எங்க செஞ்சதுன்னு தெரியுமா? நம்ம நாட்டுலயே, பென்சில்வேனியாவுல. உங்க சங்கத்து ஆளுங்க செஞ்சது. உங்க கம்பெனிது ஜெர்மனி, ஜெர்மன்காரன்து பென்சில்வேனியா. இப்ப எதுல போகட்டும்? நீங்களே சொல்லுங்க. இந்த வீட்டு சமையலறையிலயே ஒரு கார் செஞ்சு குடுத்தாலும் அதுலயும் கதவு தொங்குதுன்னுதான் சொல்லுவீங்க. இல்லையாப்பா?"

என் குழாயில் தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

"அந்த அடுப்ப எப்படிப் பத்த வைக்கிறதுன்னுகூட எனக்குத் தெரியாதுடி," என்றார் செஸ்டர்.

"எழுதி ஒட்டிட்டுப் போறேன்."

"முட்டைக்கோஸ் உருண்டை?"

"அதையும் எழுதறேன். சீட்டு ஒட்டினா இனிமேலாவது படிங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் முன்வாசல் வழியாக வெளியே வந்தபோது செஸ்டரை மட்டும் காணவில்லை. நான் என் குடையை உள்ளேயே மறந்துவிட்டதாக ஞாபகம் வந்து, பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். நீலக் காரின் கதவைத் திறந்துவைத்து, குனிந்து நின்றுகொண்டிருந்தார். கையில் தொழிற்சங்கத்தின் ஓய்வூதியர் ஒட்டுச் சீட்டு. தகவல் சீட்டின் மேல் அதை வைத்து, கட்டைவிரலால் மேலிருந்து கீழாக ஒரு காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்தித் தேய்த்தார்.

"சரியா ஒட்டிக்கிச்சா, செஸ்டர்?" என்றேன்.

"எட்டிப் பாக்காத ஐரீன். உன் குடை உன் கையிலதான் இருக்கு."

பட்டப்பகலில், பூசைக்கு வந்த ஜனம் முழுக்கப் பார்க்க, அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து தன் டிரைவ்வேயில் நிறுத்தினார். ஸ்டேஷன் வாகனைத் தெருவோரம் தள்ளிவிட்டார். மறுநாள் காலை ஆறரைக்கு ஜெரால்டின் கிளம்பினாள். இரண்டு பெட்டி, ஒரு மேசை விளக்கு, அம்மாவின் தையல் இயந்திரம் எல்லாம் பின்கதவு வழியாக உள்ளே போய்விட்டன. செஸ்டர்தான் அடுக்கினார். கடைசியில் பின்கதவை மூடி, இடுக்கில் விரலை ஓட்டிப் பார்த்தார். "தொங்கல," என்றார்.

அவள் அப்புறம் திரும்பி வந்து தங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஆன் ஆர்பரிலேயே ஒரு தாடிக்காரப் பள்ளி ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளையிடம் எந்த நாட்டுக் காரும் இல்லை, சைக்கிள்தான். செஸ்டர் ஒரு மாதம் அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை. லியோ மஜூரெக் முழங்கால் வலி தாங்காமல் மனைவியோடு ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார்.

செஸ்டரின் அடுப்பை முதலில் இரண்டு முறை தீயணைப்புக்காரர்கள் வந்து அணைத்தார்கள். மூன்றாவது முறை பற்றவைத்துக் கொடுக்க வாண்டா வந்தாள். அடுத்த ஈஸ்டருக்குப் பிறகு இருவருக்கும் கல்யாணம். ஆர்கன் வாசிக்க வேறு ஊரிலிருந்து ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. இப்போது கூபியாக் வீட்டு டிரைவ்வேயில் ஆரஞ்சுக் கார் நிற்கிறது. அதன் கதவோரத்திலும் சங்கச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அந்தப் பக்கமாகப் போகும்போது கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.