பிணமாகப் படுத்தவன்

சினிமாவில் பிணமாகப் படுத்தவன் எழுவதற்கு முன் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நடிப்பு பலித்துவிடும் என்பார்கள். கதாநாயகன் செத்தால் பூசணிக்காயே உடைப்பார்கள். கூலிக்குப் படுத்தவர்களை யார் கவனித்தார்கள்?

ஹனூரிலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த தொட்டையன் அப்படிக் கூலிக்குப் படுத்தவன்தான். உலகமே எரிந்து முடிந்தபிறகும் தேர்தலை மட்டும் நிறுத்தாத ஓர் அரசாங்கத்தைப் பற்றிய கன்னடப் படம். ஓட்டுப்போட ஆள் போதாமல் பிணங்களின் விரலில் மை வைப்பார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் ஒரு கல்குவாரியில் எடுத்தார்கள். கூடவே கட்டட வேலை பார்த்த தம்பி மனோஜ்குமார்தான் அவனை அழைத்துப் போனான். அடுத்த மாதமே வேலையிடத்தில் சாரம் சரிந்து தொட்டையன் செத்துப்போனான்.

அண்ணன் சிரிக்காமலே எழுந்து வந்துவிட்டான், நினைவுபடுத்த மறந்தது என் குற்றம் என்று மனோஜ்குமார் சாவு வீட்டிலேயே சொல்லி அழுதான். தொட்டையன் மனைவி ஜோதிமணி அதை நம்பினாள். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டாமா? இத்தனை வருஷமும் மனோஜ்குமாரை ஏசிக்கொண்டே, அவன் வாங்கிப் போட்ட அரிசியில் பொங்கிப் பிழைத்தாள்.

அன்றைக்கு ஓடாத படம் இப்போது திரும்ப வந்திருக்கிறது. நாட்டு நடப்பு படத்தை எட்டிப் பிடித்துவிட்டது போலும். தியேட்டரில் நல்ல கூட்டம். புருஷன் முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்றாள் ஜோதிமணி. மனோஜ்குமார் ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்துப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் கூட வந்தான்.

மை வைக்கும் காட்சி வந்தது. அதிகாரி பிணம் பிணமாகக் குனிந்துகொண்டே வந்தார். விரலைத் தொட்டதும் தொட்டையனின் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. கண்ணைத் திறந்து, நேரே கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துவிட்டான். படத்துக்குப் பொருத்தம் என்று அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஜோதிமணிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அவளுக்குத் தெரிந்த அதே சிரிப்பு. முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். கொஞ்ச நேரத்தில் அழுகை தானாக நின்றது.

"அவரு சிரிச்சுத்தான் இருக்காரு, தம்பி."

மனோஜ்குமார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பறம் எப்பிடிச் செத்தாரு? அன்னிக்குச் சாரம் கட்டுனது யாரு?"

"அண்ணி" என்றான். இருக்கையிலிருந்து இறங்கி அவள் காலடியில் உட்கார்ந்தான்.