யார் வீட்டுத் தண்ணீர்

குளியலறையில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. அதன் மேலே சோப்பு நுரையும், யாருடையது என்று தெரியாத தலைமுடியும் மிதந்தன. சின்ன மருமகள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மக்கால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றினாள். மொள்ள மொள்ள, வடிகால் துளை கொப்பளித்து இன்னும் கொஞ்சம் கொடுத்தது. அவள் கணவன் கால் நனையாத தூரத்தில் நின்றபடி துப்புத் துலக்கிக்கொண்டிருந்தான். இது அண்ணன் வீட்டுத் தண்ணீர்தானாம். நுரையைப் பார்த்தாலே தெரிகிறதாம், நம் வீட்டுச் சோப்பு இவ்வளவு நுரைக்காதாம். அந்த மூளையில் கால்வாசி கைக்கு இறங்கியிருந்தால் அவளுக்கு ஒரு வாளியாவது மிச்சமாகியிருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனும் இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான். ஒரே வீடாக இருந்ததை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்ட மகாராஜாக்கள் இவர்கள். கொய்யா மரத்துக்கு அடித்துக்கொண்டார்கள், மாடிப்படிக்கு அடித்துக்கொண்டார்கள், துருப்பிடித்த கேட்டில் எந்தக் கதவு யாருக்கு என்று மாமன் மச்சானையெல்லாம் கூட்டிவைத்துப் பேசினார்கள். அப்பாவை மட்டும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே. மாதம் முடிந்ததும் அவர் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் வாசல் மாறுவார்.

அண்ணன் வீட்டு முறையில் இருந்தபோதுதான் அந்தக் குளியலறையில் தேங்கிய தண்ணீரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். பிள்ளைகள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே விசாரணையைத் தொடங்கிவிட்டார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாதே, அதனால் ஆளுக்கொரு பக்கம் நின்று நர்ஸிடம் முறையிட்டார்கள். விழுந்தது என் வீட்டில்தான், ஆனால் விழவைத்தது அவன் வீட்டுத் தண்ணீர் என்றான் பெரியவன். அவன் தரையில் நிற்கிற தண்ணீர் அவனுடைய தண்ணீர்தான் என்றான் சின்னவன். உள்ளே அப்பா வலியில் முனகிக்கொண்டிருந்தார். நர்ஸ் இருவரையும் வெளியே போகச் சொன்னாள்.

நாளைக்கு அவரை வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத்தான் குளிப்பாட்ட வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும், இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்கமாட்டார் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் இரண்டு பிள்ளைகள் முகத்திலும் ஒரு நிம்மதி வந்ததே, அதைச் சின்ன மருமகள் பார்த்துவிட்டாள். குளியலறை இந்த லட்சணத்தில் கிடக்கும்போது எப்படி அழைத்துவர முடியும்? ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, அடைப்பு சரியாகும் வரை அங்கே இருக்கட்டும் என்றான் அவள் கணவன். அண்ணனும் தனியாக அதையே விசாரித்து வைத்திருந்தான். அடைப்பு சரியாகும் வரை என்றால் எது வரை என்று அவளுக்குத் தெரியாதா? இவர்கள் ஆளைக் கூப்பிடப்போவதும் இல்லை, அடைப்பு சரியாகப்போவதும் இல்லை, மாமனார் திரும்பிவரப்போவதும் இல்லை.

இந்த வீட்டில் அவளை மனுஷியாக மதித்த ஒரே ஜீவன் மாமனார்தான். அவள் வேலைவிட்டு வந்து பையைக் கீழே வைத்ததும், யாரும் சொல்லாமலே டிபன் பாக்ஸை எடுத்துப்போய்க் கழுவி, மூடியைத் தனியாகக் கவிழ்த்து வைப்பார். அண்ணன் வீட்டு முறையில் இருக்கும் மாதத்திலும், சுவர் ஓரமாக வந்து நின்று, "அம்மாடி, அந்த டப்பாவைக் கொடு" என்று கையை நீட்டுவார். பெற்ற பிள்ளைகள் இருவரும் தின்ற தட்டைக்கூட நகர்த்தியது கிடையாது.

அன்று லீவு போட்டுவிட்டு, கணவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அடைப்பு எடுக்கிறவரை அவளே அழைத்துவந்தாள். அவருக்கு வாய் காது வரை இருந்தது. வாசற்படியிலேயே, எந்த வீட்டுக்குப் போனாலும் பெண்களின் தலைமுடிதான் காரணம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, நீளமான ஸ்பிரிங் கம்பியைத் துளைக்குள் விட்டுத் திருகினார். கம்பி எங்கேயும் முட்டாமல் போனது. பார்த்தீர்களா, என் கைராசி என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய மருமகள் வீல் என்று கத்தினாள். அவள் குளியலறைத் துளையின் மூடியைத் தள்ளிக்கொண்டு பாம்பு ஒன்று தலையை ஆட்டுகிறதாம். இவர் கம்பியை இழுத்தார். பாம்பு உள்ளே போய்விட்டதாம்.

கைராசிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு குழாயும் ஒரே தொட்டியில்தான் போய் விழுகின்றன, அதற்கு அப்புறம்தான் அடைத்திருக்கிறது, தொட்டியின் மூடி எங்கே என்று கேட்டார். அவள் கணவன் கொய்யா மரத்தை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவன்போல அண்ணாந்து பார்த்தான். அவள் அவன் முன்னால் போய் நின்று திரும்பக் கேட்டாள். சுவரைக் காட்டினான்.

விஷயம் இதுதான். பாகம் பிரித்தபோது தூசு தும்பு வரை பங்கு கேட்டவர்கள், இந்தச் சாக்கடைத் தொட்டியை மட்டும் எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று தள்ளிவிட்டிருக்கிறார்கள். யார் பக்கம் வருகிறதோ அவன்தானே சுத்தம் செய்ய வேண்டும்? கடைசியில் ஒருவருக்கும் இல்லாமல், மூடியின் மேலேயே சுவரை எழுப்பி, இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசிவிட்டார்கள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அருவருப்பும் வந்தது. இந்தப் புத்திசாலிகளில் ஒருவனுக்குத்தான் தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

சுவரின் அடியில் கொஞ்சம் இடித்தால் போதும் என்றார் கைராசிக்காரர். அவ்வளவுதான், சின்னவன் சுவரில் கை வைக்கக் கூடாது என்று குதித்தான். அந்தப் பக்கத்திலிருந்து பெரியவனும், என் சுவரை யார் தொடுவது என்று கேட்டான். தனித்தனியாகப் பிரிந்த நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் பேசியது அதுதான் முதல் தடவை. அப்பாவை வெளியே வைக்க எவ்வளவு ஒற்றுமை.

கைராசிக்காரர் கடப்பாரையைக் கீழே போட்டார். "ஆம்பளைங்க வேணாங்கறாங்களேம்மா."

"இத்தன நாளா இந்தத் தண்ணிய அள்ளிக் கொட்டினது அவங்க இல்ல, நான்," என்றாள் அவள். "இடிங்கண்ணே."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் ஓரகத்தி, பெரிய மருமகளின் குரல் வந்தது. "இந்தப் பக்கம் நானும்தான் அள்ளிக் கொட்டுறேன். நல்லா இடிக்கச் சொல்லு."

இடித்துப் பார்த்தபோது சுவரின் கனம் தாங்காமல் மூடி நடுவில் பிளந்திருந்தது. தொட்டிக்குள் செங்கல் துண்டுகளும், கொத்தனார் தள்ளிவிட்ட கலவை இறுகிப்போன கட்டியும் தெருப் பக்கத்துக் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு கிடந்தன. ஒருத்தர் தலைமுடியும் இல்லை, ஒருத்தர் சோப்பும் இல்லை. அப்பாவைத் தள்ளிவிட்டது இவர்கள் கட்டிய சுவர்தான். சின்ன மருமகள் அதைச் சத்தமாகவே சொன்னாள், இரண்டு பக்கமும் கேட்கும்படி.

கட்டியைப் பெயர்த்து எடுத்ததும் தண்ணீர் மடமடவென்று இறங்கியது. குளியலறைத் துளை பெரிதாக ஏப்பம் விட்டு அடங்கியது. அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். தரை தெரிந்தது. இரண்டு முறை தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, வெறுங்காலால் மிதித்துப் பார்த்தாள். பின்கட்டில் அண்ணனும் தம்பியும் சுவர் ஓட்டைக்கு இருபுறமும் குனிந்து, தண்ணீர் போவதை, ஏதோ சொத்து கைவிட்டுப் போவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கணவனிடம், நாளைக் காலையிலேயே போய் மாமாவை அழைத்துவந்துவிடலாம் என்றாள்.

அவன் தாடையைச் சொறிந்தான். "அழைச்சிட்டு வரலாம்தான். ஆனா பாத்ரூம் கதவு குறுகலா இருக்கே. சக்கர நாற்காலி எப்படி நுழையும்?"

"எங்க வீட்டுக் கதவும் அதே அளவுதான்," என்றான் பெரியவன், யாரிடமும் சொல்லாதவன்போல.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கைராசிக்காரர் அதற்குள் கம்பியைச் சுருட்டி, சாமான்களைச் சாக்கில் போட்டுக் கட்டத் தொடங்கியிருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அந்தக் கடப்பாரைய உள்ள வைக்காதீங்க. கையோட பாத்ரூம் நிலையையும் பேத்துட்டுப் போயிடுங்க."

முடித்ததும் இங்கேயும் ஒரு நடை வந்துவிட்டுப் போகும்படி, சுவரின் ஓட்டை வழியாக ஓரகத்தி சொன்னாள்.