சின்னவளின் பழைய கரைசல்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் பொறாமைதான். ஒரு கதாபாத்திரத்தின் தலையில் கட்டப் பார்த்தேன், சரிப்படவில்லை.

முதலில் எழுதியது: "ஆய்வகத்தில் இரண்டு பெண்கள் உயிர்த்தோழிகளாக—" (பொய். அடித்துவிட்டேன்.)

2

டைட்டானியத் தகட்டை ஃப்ளூரைடு கரைசலில் தொங்கவிட்டு அறுபது வோல்ட் கொடுத்தால், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு குழாய்கள் வளரும். எனக்கும் வளர்ந்தன. கழுவிக் காயவைத்ததும் பொருக்குப் பொருக்காக உரிந்தன. எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்த சின்னவளுக்கோ, நுண்ணோக்கிப் படத்தில் சீப்புப் பல்லாக வரிசை கட்டி நின்றன.

"இவளுக்குக் கைராசி," என்றார் எங்கள் பேராசிரியை, என்னை வைத்துக்கொண்டே. எனக்கு வயிறு எரிந்தது.

"கைராசியெல்லாம் இல்லக்கா," என்றாள் அவள் பிறகு. "பழைய கரைசலையே திரும்பத் திரும்ப ஊத்துறேன். புதுசுல குழாய் பிடிச்சு நிக்க மாட்டேங்குது. நீங்களும் எடுத்துக்குங்க."

[பாருங்கள், கேட்காமலே சொல்லிவிட்டாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபம்.]

3

பெயர்ச்சீட்டு இல்லாத பாட்டிலைக் கழிவுக் கேனில் கொட்டிவிட வேண்டும். இது எங்கள் ஆய்வக விதி. அந்த வாரம் கொட்டும் முறை என்னுடையது.

அ) அவளுடைய பழைய கரைசல் பாட்டிலில் சீட்டு இல்லை. கொட்டினேன்.

ஆ) சீட்டு இல்லை, ஆனால் யாருடையது என்று தெரியும். கொட்டினேன்.

இ) ஈர விரலால் சீட்டைத் தேய்த்து எடுத்தேன். பிறகு—

(இ)தான். மற்ற இரண்டையும் என் மானத்துக்காக எழுதினேன்.

4

மூன்று நல்ல தகடுகளைக் காட்டினால்தான் அவளுக்கு இன்னும் ஓர் ஆண்டு உதவித்தொகை. புதுக் கரைசல் பழையதாகிப் பழகுவதற்கு நாள் இல்லை. புதியதில் போட்ட மூன்றும் உரிந்தன.

"சீட்டை நான்தான் சரியா ஒட்டல போலக்கா. யாரைச் சொல்லி என்ன?"

"விடும்மா, எல்லாருக்கும் நடக்கறதுதானே," என்றேன். உள்ளுக்குள் இனித்தது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

5

அவள் என்னை மன்னிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். கிழித்தேன். அதை எழுத நான் யார்?

இத்தனை நேரம் யாரோ வாசகரிடம் பேசுவதுபோல நடித்துவிட்டேன். இதைப் படிக்கப்போவது நீ ஒருத்திதான், சின்னவளே. உன் நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்தால் இப்போதும் எனக்கு எரிகிறது. இந்தத் தாள்களை நீ பேராசிரியையிடம் கொடுத்தால் உனக்கு அந்த ஓர் ஆண்டு கிடைக்கலாம், எனக்கு இங்கே இடம் இருக்காது. கிழித்துப் போட்டால் நான் தப்பித்தேன். வாயைத் திறந்து சொல்லத் துணிவில்லாமல்தான் உன் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

பேராசிரியை பத்து மணிக்கு வருவார்.