சிறுத்தை கொடுத்த புகார்

செத்து நான்கு நாளான சிறுத்தை, செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வனத்துறை அலுவலகத்துக்கு வந்து, தன்னைச் சுட்டவர் மேல் புகார் கொடுத்தது. தோளில் குண்டு புகுந்த ஓட்டை இருந்தது. மற்றபடி மரியாதையான சிறுத்தை, வரிசையில்தான் நின்றது. வனக்காவலர் பெஞ்சைக் காட்டினார், உட்கார்ந்தது. அது சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

சுட்டவர் மந்திரியின் மச்சான். வன உயிர்ப் பாதுகாப்புக் குழுவுக்கு அவரே தலைவர் என்பதால், வேறு யாரிடமும் அவர் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. புகாரைப் படித்த ரேஞ்சருக்கு வியர்த்துக் கொட்டியது. "யோவ், பாறையில கால் வழுக்கி விழுந்து செத்துச்சுன்னு எழுதுய்யா. உனக்கும் வம்பு இல்ல, எனக்கும் இல்ல." வனக்காவலர் அப்படியே எழுதினார். பாவம், என்ன செய்வார்? பதினொரு வருடம் ஊர் ஊராகப் பந்தாடப்பட்டு, நர்ஸ் வேலை பார்க்கும் மனைவியின் ஊருக்கு மாற்றல் கிடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வாயைத் திறந்தால் அடுத்த பஸ்.

ஆனால் அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். புகார் கொடுத்தவர் கையெழுத்தோ ரேகையோ வைக்காமல் கோப்பை மூட முடியாது. ஸ்டாம்ப் பேடை நீட்டினார்கள். அறிக்கையைப் படித்த சிறுத்தை பாதத்தை மடக்கிக்கொண்டது. அதன்பின் இரண்டு வருடம், தினமும் பத்து மணிக்கு வந்து ஐந்து மணி வரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஊழியர்களுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. மூன்று ரேஞ்சர்கள் மாறினார்கள். ஆய்வுக்கு வந்த மந்திரி, அலங்காரத்துக்கு வைத்திருப்பதாக நினைத்துப் பாராட்டினார். வனக்காவலருக்குத்தான் சோறு இறங்கவில்லை. கடைசியில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"பதினோரு வருஷம் தனியா இருந்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள் இருந்தா குடியா முழுகிடும்? போய் உள்ளத எழுதிட்டு வாங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

எழுதினார். சிறுத்தை ஒரு வரி விடாமல் படித்து, பாதத்தை மையில் தோய்த்து அழுத்தமாகப் பதித்தது. மறுநாளே அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது; மேலிடத்துக்குப் போன கோப்பு காணாமல் போனது. சிறுத்தை யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. நேராக மச்சான் வீட்டு ஹாலில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே பத்து மணி, ஐந்து மணி என்ற கணக்கெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது மாதம் இரண்டு ஞாயிறு, ஏழு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி மனைவி வந்து இறங்குகிறாள். பையை வாங்கியதும் அவர் கேட்பது ஒன்றுதான்.

"அது எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, நல்லா இருக்கு. மந்திரி மச்சான்தான் துரும்பா இளைச்சுட்டாரு. தூக்கமே இல்லையாம். நேத்து ஆஸ்பத்திரிக்கு வந்தாரு, அதுவும் கூடவே வந்துச்சு. ரெண்டு டோக்கன் குடுத்தேன்."